மேடையில் பேசுவது வேறு, மேடைப் பேச்சை ஆராய்வது வேறு

கேள்வி: எனக்கு வயது 36. பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசப் பழக்கும் பாடம் எடுக்கிறேன். சனிக்கிழமைகளில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் தமிழ் விவாதக் குழுவுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சின்ன வயதிலிருந்தே பட்டிமன்றம் என்றால் எனக்கு உயிர். தொடர்பியலில் முதுகலை முடித்திருக்கிறேன். இப்போது 'ஸ்பீச் கம்யூனிகேஷன்' துறையில் முனைவர் பட்டம் செய்ய ஆசை. அமெரிக்காவில்தான் அந்தப் படிப்பு இருக்கிறது என்கிறார்கள். தேடிப் பார்த்தால் பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பெயரையே காணோம். மகன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். கணவர் 'உன் விருப்பம்' என்கிறார். அம்மாவோ, 'திக்கித் திக்கிப் பேசுறவங்களுக்கு வைத்தியம் பார்க்கவா இத்தனை வருஷம் படிக்கப்போறே?' என்று கேட்கிறார். நான் போகலாமா? எங்கே போவது? முடித்தால் வேலை கிடைக்குமா?
பி.கு: அமெரிக்கா போனால் என் உச்சரிப்பை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்குமா?
- ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் நினைப்பது பேச்சு சிகிச்சை. திக்குவாய், பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சிழந்தவர்கள், பேச்சு வர நாளாகும் குழந்தைகள் என்று மருத்துவத்தோடு சேர்ந்த துறை அது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனி முதுகலைப் படிப்பே இருக்கிறது. நீங்கள் கேட்கும் துறை அதுவல்ல. ஆனாலும் அம்மா அப்படி நினைத்ததில் தப்பில்லை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் மேடைப் பேச்சு, நாடகம், பேச்சுக் குறைபாட்டுச் சிகிச்சை மூன்றும் 'ஸ்பீச்' என்ற ஒரே துறையில்தான் இருந்தன. சிகிச்சைக்காரர்கள் 1925இல் தங்களுக்கென்று தனி அமைப்பு கண்டார்கள். இதை அம்மாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அந்தப் பெயர் காணாமல் போனதற்கும் கதை உண்டு. 1914இல், ஆங்கில ஆசிரியர்களின் சங்கத்திலிருந்து பதினேழு பேர் பிரிந்து வந்தார்கள். பேச்சு என்பது கட்டுரையின் இளைய தம்பி அல்ல, அதைத் தனியாகப் படிக்கவும் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அவர்கள் தொடங்கிய சங்கம் 1970இல் 'ஸ்பீச் கம்யூனிகேஷன் அசோசியேஷன்' ஆனது. 1997இல் 'ஸ்பீச்' உதிர்ந்து 'நேஷனல் கம்யூனிகேஷன் அசோசியேஷன்' ஆனது. பல்கலைக்கழகத் துறைகளும் அதே வழியில் போயின. இல்லினாய், ஜார்ஜியா, மின்னசோட்டா போன்ற இடங்களில் 'ஸ்பீச் கம்யூனிகேஷன்' என்றிருந்த துறைகள் இன்று 'கம்யூனிகேஷன்' அல்லது 'கம்யூனிகேஷன் ஸ்டடீஸ்'. நீங்கள் தேட வேண்டியது அந்தத் துறைகளுக்குள் இருக்கும் 'ரெட்டரிக்' பிரிவை. பேச்சு எப்படி மனிதர்களை இணங்க வைக்கிறது, பிரிக்கிறது, கூட்டுகிறது என்று பார்க்கும் பிரிவு அது.

சரி, இனி முக்கியமான விஷயம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆசை தெரிகிறது, அனுபவம் தெரிகிறது. கேள்வி மட்டும் தெரியவில்லை. 'பட்டிமன்றம் என்றால் உயிர்' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. நன்றாகப் பேசுகிறவருக்குத் தரும் பரிசு அல்ல முனைவர் பட்டம். விடை தெரியாத ஒன்றின் பின்னால் நான்கைந்து வருடம் அலையத் தயாராக இருப்பவருக்கானது அது. அதனால் எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்பதற்கு முன்னால் எந்தக் கேள்வி என்று முடிவு செய்யுங்கள்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு காணொளிப் பதிவில். சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த பட்டிமன்றம் அது. நடுவரின் பேச்சில் ஆறு நிமிடத்தை மட்டும் எடுத்து, மூச்சு, தயக்கம், கைதட்டல் உட்பட ஒவ்வொரு ஒலியையும் எழுத்தில் இறக்கினேன். மூன்று சனிக்கிழமை ஆயிற்று. நேரில் கேட்டபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் 'நல்லாப் பேசினார்' என்பதுதான். எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. 'தோழியர் எடுத்துரைத்த கருத்து மிகவும் அருமையானது' என்று செந்தமிழில் தொடங்குகிறார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். ஒரு விநாடி சும்மா நிற்கிறார். 'ஆனா நம்ம வீட்ல அப்டியா நடக்குது?' என்கிறார். இதில் என்னை உலுக்கியது என்ன தெரியுமா? கூட்டம் அந்த வரிக்குச் சிரிக்கவில்லை, கண்ணாடியைக் கழற்றும்போதே சிரிக்கத் தொடங்கிவிட்டது. எழுத்துத் தமிழிலிருந்து பேச்சுத் தமிழுக்கு இறங்கப்போகிறார் என்பது அவர் வாய் திறக்கும் முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது? யார் சொல்லிக்கொடுத்தது? வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியுமா? இது கேள்வி. இதற்காக நான்கு வருடம் செலவிடலாம்.

இந்த வழியில் ஏற்கெனவே நடந்து காட்டியவர் ஒருவர் உண்டு. பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானுடவியலாளர். மதுரையில் தங்கி, அரசியல் கூட்டங்களில் உட்கார்ந்து, திராவிட இயக்க மேடைத் தமிழைப் பற்றி எழுதினார். அந்த நூல் 2009இல் வந்தது. நம்மில் பலரும் அந்தச் செந்தமிழ் மேடைப் பேச்சைச் சங்க காலத்திலிருந்து வருவதாக நினைக்கிறோம். அது இருபதாம் நூற்றாண்டில் உருவான புதுப் பழக்கம் என்று அவர் காட்டினார். அப்புறம் இன்னும் பின்னால் போய், பொதுமக்கள் முன் நின்று எல்லோருக்கும் பொதுவாகப் பேசும் வழக்கம் தமிழில் எங்கிருந்து வந்தது என்று தேடினார். அந்தத் தேடல் யாழ்ப்பாணத்துக்குப் போகிறது. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராக இருந்த ஆறுமுக நாவலர், பாதிரிமார்களின் பிரசங்க முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தன் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். எதிர்க்கப் போன இடத்திலிருந்தே கருவியை எடுத்துக்கொண்டார். நம் மேடைகளின் வேரில் ஒன்று அங்கே இருக்கிறது. பேட் நம் ஊரில், யேல்-என்யுஎஸ் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். 2016இல் காலமானார், இரண்டாம் நூல் அவர் மறைவுக்குப் பின் 2021இல் வந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து எடுத்துப் போக ஆள் வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்றும் கவனியுங்கள். பேட் முனைவர் பட்டம் வாங்கியது ஸ்பீச் கம்யூனிகேஷனில் அல்ல, சிகாகோவில் மானுடவியலில். துறையின் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் இருக்கும் ஊரில் எவ்வளவு சரக்கு கொட்டிக் கிடக்கிறது பாருங்கள். தமிழில் பேச அனுமதியுள்ள நாடாளுமன்றம் நம்முடையது. உடனடி மொழிபெயர்ப்பு நடக்கும் அவையில், பெரும்பாலோர் காதில் கருவி வைத்துக் கேட்கும் தமிழ் உரை யாரை நோக்கிப் பேசப்படுகிறது? 1929 இறுதியில் மலாயாவுக்கு வந்த பெரியார் இங்கேயும் பேசினார். கோ. சாரங்கபாணி 1935இல் தமிழ் முரசைத் தொடங்கினார், 1952இலிருந்து தமிழர் திருநாள் மேடைகள் வந்தன. பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு 1979லிருந்து குரல்களைச் சேர்த்து வருகிறது, தமிழ்க் குரல்களும் அதில் உண்டு. இன்னொரு பக்கம் பள்ளிக்கூடம். தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த 2005 மறுஆய்வுக் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு தரமான பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் கிடைத்தது. ஆனால் உங்கள் விவாதக் குழுப் பிள்ளைகள் மேடையேறியதும் எந்தத் தமிழுக்குத் தாவுகிறார்கள்? வாரா வாரம் அதைப் பார்ப்பவர் நீங்கள். அமெரிக்காவில் இருக்கும் எந்தப் பேராசிரியருக்கும் அந்த இடம் கிடைக்காது.

இனி எங்கே என்பது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இங்கேயே செய்வேன். அமெரிக்காவில் முனைவர் பட்ட மாணவருக்குக் கற்பித்தல் உதவியாளர் பணி கிடைத்தால் கட்டணம் இல்லை, மாதாமாதம் ஒரு தொகை வரும். முதல் இரண்டு வருடம் வகுப்புகள், பிறகு படித்ததையெல்லாம் சோதிக்கும் ஒரு விரிவான தேர்வு, அப்புறம்தான் ஆய்வேடு. ரெட்டரிக்கில் அடித்தளம் ஆழமாக விழும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தத் தொகை ஒருவர் சிக்கனமாக வாழப் போதும், குடும்பத்துக்குப் போதாது. மாணவர் விசாவில் நீங்கள் போனால், துணையாக வரும் கணவர் அங்கே வேலை பார்க்க முடியாது. இதை இருவரும் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். 'உன் விருப்பம்' என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வீ கிம் வீ தொடர்பியல் பள்ளி இருக்கிறது. 1992இல் தொடங்கியது, 2006இல் நம் முன்னாள் அதிபர் பெயரைப் பெற்றது. தேசியப் பல்கலைக்கழகத்தில் தொடர்பு, புதிய ஊடகத் துறை இருக்கிறது. இரண்டுமே ஊடகம், சுகாதாரத் தொடர்பு, தொழில்நுட்பம் போன்றவற்றில் வலுவானவை. மேடைப் பேச்சு அவர்களுக்கு நடுப்புள்ளி அல்ல. அதனால் தேசியப் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வுத் துறையையும், மொழியியல் துறைகளையும் சேர்த்துப் பாருங்கள். கேள்வி வகுப்பறைப் பக்கம் சாய்ந்தால், ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசியக் கல்விக் கழகம். முழுநேர உதவித்தொகை வாங்கினால் முழுநேர வேலையை விட வேண்டும். பகுதிநேரமாகச் செய்தால் சம்பளம் நிற்காது, கட்டணம் உங்கள் கையிலிருந்து போகும். நான் பகுதிநேரத்தில் தொடங்கினேன். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, இரவு பத்து மணிக்கு மேல் ஆய்வு. இரண்டு பேராசிரியர்கள் பாராட்டிய ஓர் இயலை எழுதி முடிக்க ஒன்றரை வருடம் இழுத்தது. கடைசியில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்துத்தான் கரை சேர்ந்தேன். கொஞ்சம் சேமித்துக்கொண்டு முழுநேரமாகப் போவதே நல்லது என்பது என் கருத்து.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட மேற்பார்வையாளர் முக்கியம். என்னை ஏற்றுக்கொண்ட பேராசிரியர் இரண்டாம் ஆண்டில் வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போவதற்கு மூன்று வாரம் முன்புதான் சொன்னார். துறை எனக்குக் கொடுத்த மாற்று ஆளுக்குத் தமிழும் தெரியாது, பேச்சு ஆய்விலும் ஆர்வமில்லை. பதினொரு மாதம் வீணாயிற்று. தொடக்கத்திலேயே இரண்டாம் மேற்பார்வையாளர் யார் என்று கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. நீங்கள் கேளுங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். அவரிடம் படித்து முடித்த ஒருவரையும் தேடிப் பிடித்து, எழுதிக் கொடுத்ததை எத்தனை வாரத்தில் படித்துத் திருப்பித் தருவார் என்று விசாரியுங்கள்.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பேராசிரியர் பணியிடங்கள் எல்லா ஊரிலும் குறைவு. தமிழ் மேடைப் பேச்சு என்ற தலைப்புக்கென்று விளம்பரம் வரும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு கற்பித்தல் வேலை இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் பேச்சும் எழுத்தும் கற்றுத்தரும் விரிவுரையாளர் பணிகளுக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும் இந்தப் பட்டம் உதவும். சம்பளம் உயரும் என்பதற்காக மட்டும் என்றால் வேண்டாம். அந்த ஐந்து வருட வருமான இழப்பைத் திருப்பி எடுப்பது கடினம்.

வயது? 36 ஒன்றும் அதிகமில்லை.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்து பாருங்கள். உங்கள் விவாதக் குழுவில் ஒரு பிள்ளை பேசும் ஐந்து நிமிடத்தை, பிள்ளையிடமும் பெற்றோரிடமும் பள்ளியிடமும் அனுமதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். இப்போது இது வெறும் பயிற்சிதான். பின்னால் ஆய்வுக்கென்று செய்யும்போது பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில் வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தையும் ஒலி ஒலியாக எழுதுங்கள். மூன்றாம் நாள் சலிப்புத் தட்டினால், அதுவும் ஒரு பதில்தான். உங்கள் சனிக்கிழமைப் பயிற்சியைத் தொடர்ந்து கொடுங்கள், அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் தேவை. இரவு ஒரு மணி ஆனது தெரியாமல் எழுதிக்கொண்டிருந்தால், மறுநாளே ஒரு பேராசிரியருக்குக் கடிதம் போடுங்கள். ஒரு பக்கம் போதும்: நான் கேட்டது இது, எனக்குப் புரியாதது இது.

பின்குறிப்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்பை மாற்ற வேண்டாம். அமெரிக்கா போனால் முதலாண்டு மாணவர்களுக்கு மேடைப் பேச்சு வகுப்பு எடுக்கும் வேலைதான் பெரும்பாலும் உங்களுக்கு வரும். முதல் இரண்டு வாரம் சற்று மெதுவாகப் பேசுங்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்காதீர்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் தினமும் சொல்வதுதானே இது?