இடிக்கும் முன் கழற்றுங்கள்: பழைய வீடுகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சார், மயிலாப்பூரில் தாத்தா 1940-களில் கட்டிய வீடு. தேக்குச் சட்டங்கள் மேல் செங்கல் அடுக்கிப் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. ஜேசிபி விட்டால் மூன்று நாளில் இடித்துவிடலாம், ஆள் வைத்துப் பிரித்தால் மூன்று வாரம் ஆகும் என்கிறார் காண்ட்ராக்டர். எது நல்லது?

பதில்: ஆள் வைத்தே பிரியுங்கள். உங்கள் கூரையைத் தாங்கி நிற்பது தேக்குச் சட்டங்கள். நான் வேலை பழகிய காலத்தில், மெஷின் ஒரே இடியில் இப்படி ஒரு சட்டத்தை முறித்துப் போட்டது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கேட்கவில்லை.

கட்டிய வரிசைக்குத் தலைகீழாக இறங்கி வர வேண்டும். முதலில் மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டித்துவிட்டு வயர், பைப், கதவு, ஜன்னல். அப்புறம் தளத்து ஓடு, செங்கல் ஜல்லி, செங்கல், அதன்பின் சட்டம். நிலையை மட்டும் அவசரப்பட்டு உருவாதீர்கள், மேலே இருக்கும் சுவரை முதலில் பிரித்து இறக்குங்கள்.

அந்தக் காலத்துச் சுவர் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. கொத்துக் கரண்டியால் தட்டினாலே சாந்து உதிர்ந்து செங்கல் முழுசாக வரும், அதை மறுபடி சுவருக்கே வைக்கலாம். சிமெண்ட் சாந்து அப்படி விடாது. சாந்து பிரிவதற்குள் செங்கல் உடைந்துவிடும்.

கேள்வி: எங்கள் வீடு 1998-ல் கட்டிய ஆர்சிசி. அதில் கழற்ற என்ன இருக்கிறது அண்ணா?

பதில்: கதவு, கிரில், கடப்பா கல், செம்பு வயர் எல்லாம் இருக்கிறதே தம்பி. அவற்றை எடுத்தபின் மெஷின் வரட்டும். ஆனால் செங்கல் சுவரை முதலில் இடித்து அள்ளிவிட்டு, அப்புறம்தான் தூணையும் பீமையும் தொடச் சொல்லுங்கள். காரணம் இருக்கிறது. கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 383, 2016-ல் திருத்தப்பட்டபோது, பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, அதுவும் எம்25 என்ற வலிமைத் தரம் வரைக்கும், சேர்க்க அனுமதித்தது. கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம். செங்கல் கலந்துவிட்டால் இரண்டுமே கிடையாது, அடியில் போடும், சிமெண்ட் குறைந்த மெலிந்த கான்கிரீட்டுக்குத்தான் ஆகும். ஒரே குவியலாக இடித்துத் தள்ளும்போது நல்ல ஜல்லி வெறும் ரப்பிஷாகிவிடுகிறது.

கம்பி காயலான் கடை வழியாக உருக்காலைக்குப் போகட்டும். நிமிர்த்தி மறுபடி தூணுக்குப் போட வேண்டாம்.

கேள்வி: பழைய ஜல்லி போட்டால் பலம் குறையாதா?

பதில்: அதில் ஒட்டியிருக்கும் பழைய சாந்து தண்ணீரை உறிஞ்சும். ஜல்லியை முன்கூட்டியே நனைத்துக்கொண்டு, சொன்ன அளவுக்குள் கலந்தால் பயமில்லை.

கேள்வி: இடிபாட்டைப் புது வீட்டு பேஸ்மெண்டில் கொட்டி நிரப்பலாமா?

பதில்: செங்கல், கான்கிரீட் துண்டுகளைச் சிறிதாக உடைத்து, இடையில் மண் போட்டு, அடுக்கடுக்காகத் திமிசு அடித்தால் நிரப்பலாம். மரத்துண்டு போனால் கரையான் வரும். ஃபால்ஸ் சீலிங் ஜிப்சமும் வேண்டாம்.

கேள்வி: பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருக்கிறது.

பதில்: உடைக்கவே உடைக்காதீர்கள். அந்தத் தூசு நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கித் தனியாகச் சுற்றி வையுங்கள். மூக்கில் துணி கட்டினால் போதாது, தகுந்த மாஸ்க் வேண்டும். மற்ற இடிபாட்டோடு ஒரு துண்டுகூடச் சேரக் கூடாது.

கேள்வி: லாரிக்காரர் "எங்கேயாவது கொட்டிவிடுவோம்" என்கிறார். நாம் என்ன செய்ய முடியும்?

பதில்: அந்த "எங்கேயாவது" பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமாகவோ ஏதோ ஓர் ஏரிக்கரையாகவோ இருக்கும். மழைத்தண்ணீர் நிற்க வேண்டிய இடம் அது, தயவுசெய்து விடாதீர்கள். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மாநகராட்சியின் மறுசுழற்சி ஆலைகள் இருக்கின்றன. அங்கே இறக்கியதற்கு ரசீது காட்டினால்தான் வாடகை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒரு நாளில் 20 டன்னுக்கு மேலோ, ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேலோ இடிபாடு வந்தால் கான்கிரீட், மண், செங்கல்-சாந்து, மரம்-இரும்பு-பிளாஸ்டிக் என்று பிரித்தே தர வேண்டும் என 2016-ல் வந்த மத்திய அரசின் கட்டட இடிபாட்டு விதிகளே சொல்லியிருந்தன. 2025-ல் வந்த புதிய விதிகள் 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்பு உள்ள திட்டங்களை மறுசுழற்சிக்குப் பொறுப்பாளியாக்குகின்றன. அவற்றின் நடைமுறை 2026 ஏப்ரல் 1 முதல்.

கேள்வி: பிரித்து எடுத்தால் செலவு கட்டுப்படியாகுமா?

பதில்: மரமும் கம்பியும் யாருக்கு என்பதைப் பொறுத்தது அது. பல இடங்களில் காண்ட்ராக்டர் அவற்றைத் தானே எடுத்துக்கொள்வார், இடிப்புக் கூலியைக் குறைப்பார். எனவே ரேட் பேசும் முன்னால் சட்டம் எத்தனை, நிலை எத்தனை, கிரில் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பட்டியலிட்டு, அதை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.