அவர் ஓட்டிய பஸ்ஸில் இப்போது ஜன்னலோரம்

வாசகர் கேள்விகள் – ஓய்வுக்காலப் பக்கம்

பதில் சொல்பவர் சேலம் அழகாபுரத்தில் வசிக்கும் 66 வயது வாசகி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவருக்கு வயது 68. ஏற்காடு மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர்.

என் கணவர் ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. காலை முதல் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, எண்ணெய் அதிகம், தீயைக் குறை என்று மேற்பார்வை பார்க்கிறார். 34 ஆண்டுக் குடித்தனம் இப்போதுதான் ஆட்டம் காண்கிறது. என்ன செய்யட்டும், அக்கா?
– ஆத்தூர் வாசகி

உங்கள் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது நான்.

எங்கள் வீட்டுக்காரர் எனக்கு நான்கு ஆண்டு முன்னதாகவே ஓய்வு பெற்றார். நான் காலையில் கிளம்பிப் போய்விடுவேன். அந்த நான்கு ஆண்டில் சமையலறை முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. அஞ்சறைப்பெட்டியில் கடுகு இருந்த குழியில் மிளகு வந்தது. பருப்பு டப்பாக்கள் உயர வாரியாக, பஸ் நிலையத்தில் வண்டி நிறுத்தியதுபோல வரிசையில் நின்றன. நான் ஓய்வு பெற்ற மறுநாளே அதையெல்லாம் ‘சரி’ செய்யத் தொடங்கினேன். ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கட்டியதும் இறக்க வேண்டும் என்று அவருக்கு வகுப்பு எடுத்தேன். நான்காவது நாள் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் வைத்துவிட்டு வந்து, கரண்டியை என் கையில் கொடுத்தார். “இன்று நீ ஓட்டு. நான் இறங்கிக்கொள்கிறேன்” என்றார்.

அன்று நான் வைத்த ரசம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாப்பிடும்போது இருவருக்கும் பேச ஒன்றும் இல்லை.

ஆகவே உங்கள் கணவருக்கு வேலையில் பாதியைக் கொடுக்காதீர்கள். வெங்காயம் நறுக்கித் தருவது, தேங்காய் துருவித் தருவது எல்லாம் கிளீனர் வேலை. மாலைச் சிற்றுண்டியை முழுவதுமாக அவரிடம் விடுங்கள். என்ன செய்வது என்று முடிவெடுப்பதிலிருந்து பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை அவர் பொறுப்பு. முக்கியமாக, அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. எங்கள் வீட்டில் காலையில் அவர் சமைக்கும்போது நான் உழவர் சந்தைக்குப் போய்விடுவேன். அங்கே பலகையில் எழுதிப் போடும் அன்றைய விலையை ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது என் பழக்கம். கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருப்பதில்லை. சின்ன வெங்காயம் மட்டும் ஆறு ஆண்டாக எழுதியிருக்கிறேன். யாருக்கும் பயனில்லை. எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

எனக்கு 63 வயது. ஏற்காடு பார்க்க ஆசை. 20 கொண்டை ஊசி வளைவு என்று கேட்டதுமே வயிற்றைப் புரட்டுகிறது. மே மாதக் கோடை விழாவுக்கு மகன் அழைக்கிறான். போகலாமா?
– விழுப்புரம் வாசகர்

போகலாம். மே மாதம் வேண்டாம்.

முதலில் வயிற்றைக் கவனிப்போம். கண் ஒன்று சொல்ல, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வேறொன்று சொல்வதால்தான் மலைப்பாதையில் குமட்டுகிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்கு எதுவும் அசைவதில்லை, காதோ வண்டி திரும்புவதை விடாமல் அறிவிக்கிறது. அதனால் சாலையைப் பாருங்கள், வளைவு வரும் திசையைப் பாருங்கள். இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். பஸ் என்றால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கடைசி வரிசைதான் வளைவில் அதிகம் வீசி அடிக்கும். இது எங்கள் வீட்டுக்காரர் சொல்வது. 29 ஆண்டில் எத்தனை பேர் வாந்தி எடுத்ததைக் கண்ணாடியில் பார்த்திருப்பார்!

இனி நாள். காபிச் செடிக்கு மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல கோடை மழை வேண்டும். அதுவரை மொட்டுகள் உறங்கிக் கிடக்கும். மழை நனைத்த ஒன்பதாம் பத்தாம் நாள் தோட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் பூக்கும். கிளை நெடுக வெள்ளை, அதன் வாசனை மல்லிகைக்குத் தங்கை. இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். சுற்றுலா வருகிறவர்களில் பலருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது. மலைமேல் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா மழை பெய்த அன்றே எனக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். நான் காலண்டரில் பத்தாம் நாளைச் சுழித்து வைப்பேன். அதன்படிதான் கிளம்புவோம்.

போன முறை பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலோரம் வேண்டும் என்று எங்கள் வீட்டுக்காரர் அடம்பிடித்தார். இத்தனை ஆண்டு அந்தப் பாதையில் சாலையை மட்டும் பார்த்தவர், பள்ளத்தாக்கைப் பார்க்கப் போகிறாராம். அடிவாரம் தாண்டி முதல் வளைவு வந்தது. எதிரே ஒரு கார் இறங்கி வந்தது. மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். கார்க்காரர் விடவில்லை. இவருடைய வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வளைவிலும் அதே கால், அதே மிதி. ஏழாவது வளைவில் அவர் செருப்பைக் கழற்றி என் பையில் போட்டுக்கொண்டேன், சத்தமாவது குறையட்டும் என்று. 20 வளைவும் முடிந்து ஏரிக்கரையில் இறங்கியபோது, “பள்ளத்தாக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டேன். “பையன் பரவாயில்லை. கியரைக் கொஞ்சம் தாமதமாக மாற்றுகிறான்” என்றார்.

சேர்வராயன் கோயிலுக்கும் போய் வாருங்கள். குகைக் கோயில். சேர்வராயரும் காவேரி அம்மனும் உள்ளே இருக்கிறார்கள். நன்றாகக் குனிந்துதான் போக வேண்டும். முழங்காலைவிட இடுப்புக்குத்தான் அங்கே வேலை.

கோடை விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். கைப்பேசியை விட்டுத் தலை நிமிர்வதில்லை. சேலத்தில் எங்கே அழைத்துப் போகலாம், அம்மா?
– சூரமங்கலம் வாசகர்

எங்கேயும் அழைத்துப் போகாதீர்கள். காய் வாங்கிக் கொடுங்கள், மாங்காய்.

எங்கள் மகளின் பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் ஆறும். வரகம்பாடிப் பக்கம் போய் 24 மல்கோவா முற்றிய காயாக வாங்கி வந்தோம். கட்டிலுக்கு அடியில் வைக்கோல் பரப்பி அடுக்கினோம். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை செய்யப்பட்டது. வீட்டில் வைக்கோலும் பொறுமையும் போதும். பிள்ளைகளுக்கு வேலை இதுதான்: தினமும் காலையில் ஒவ்வொரு காயையும் புரட்டி, காம்புப் பக்கம் மோந்து பார்த்து, எது பழம் என்று சொல்ல வேண்டும். மல்கோவா பழுத்தாலும் பச்சை முழுக்கப் போகாது, நிறத்தை நம்பினால் ஏமாந்தோம். மூக்கும் கட்டை விரலும்தான் சாட்சி. மூன்றாம் நாள் சின்னவள் விடியற்காலையில் கட்டிலுக்கு அடியிலிருந்து, “அம்மாயி, ஏழாம் நம்பர் வாசம் வந்துவிட்டது!” என்று கத்தினாள். கட்டிலில் படுத்திருந்த தாத்தா அலறி எழுந்தார். காய்களுக்கு நம்பர் போட்டிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 23 பழம்தான் கணக்கில் வந்தது. சுவரோரம் உருண்டு போன ஒன்றை எறும்புகள் கண்டுபிடித்தன, எங்களுக்கு முன்னால்.

மாலையில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். கைப்பேசியைக் கீழே வைக்காமல் அதைச் சாப்பிடவே முடியாது.

பேரனைப் பார்த்துக்கொள்ள ஓராண்டு வந்து தங்கச் சொல்கிறாள் மருமகள். எங்களுக்கு இங்கே நடைப்பயிற்சி, பஜனை, தோழிகள் என்று ஓடுகிறது. மறுத்தால் பாவமா?
– பெயர் வேண்டாம், நாமக்கல்

பாவமில்லை. ஆனால் மகன் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். நீங்களே மருமகளிடம் பேசுங்கள், முடியாது என்பதோடு முடிவதையும் சொல்லுங்கள். இரண்டு மாதம் என்றால் இரண்டு மாதம், எந்தெந்த மாதம் என்பதோடு.

நாங்கள் இருவரும் மூத்தவர்கள். பேரப்பிள்ளைகள் இருவரோடு சென்னைக்கு ரயிலில் டிக்கெட் எடுத்தோம். நால்வருக்கும் மேல் படுக்கை. முதியோர் ஒதுக்கீடு எங்கே போனது?
– தாரமங்கலம் வாசகர்

கீழ்ப் படுக்கைக்கான முதியோர் ஒதுக்கீடு 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் உண்டு. ஆனால் தனியாகவோ இருவராகவோ பயணம் செய்தால்தான். நான்கு பேரை ஒரே டிக்கெட்டில் சேர்த்தீர்கள் அல்லவா, அங்கே போனது. உங்கள் இருவருக்கும் தனி டிக்கெட் எடுங்கள். கட்டணச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள், 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள்.

ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஒருமுறை எங்களுக்கு இரண்டு கீழ்ப் படுக்கையும் கிடைத்தன. ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்குத் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு இவர் மேலே ஏறினார். ஏறியது அழகாகத்தான் இருந்தது. சென்னையில் இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

சேலத்தில் மொட்டை மாடியில் காபிச் செடி வளருமா?
– அம்மாப்பேட்டை வாசகி

வளரும். காய்க்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, நல்லது. அராபிகா காபிக்கு மலையின் குளிரும் மர நிழலும் வேண்டும். நம் ஏப்ரல் வெயிலில் இலை ஓரம் கருகிவிடும். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது, ஐந்து ஆண்டாக. மேலே பச்சை வலை, கீழே ஈரச் சாக்கு, நாளுக்கு இரண்டு வேளை இலைக்குத் தண்ணீர் தெளிப்பு. இடுப்பு உயரம் வந்துவிட்டது. போன ஆண்டு நான்கே நான்கு பூ விட்டது. அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டவில்லை. மாடிக்குத் துணி உலர்த்தப் போனபோது நானாகத்தான் பார்த்தேன். அந்தப் பழைய நாற்காலியைச் செடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார். சத்தம் காட்டாமல் ஈரத் துணியோடு இறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் இருவரும் கடைசியாகப் போட்ட சண்டை எதற்கு, அக்கா?
– ஓமலூர் வாசகி

நேற்று, ஸ்கூட்டருக்கு. 61 வயதில் நான் வண்டி ஓட்டக் கற்றேன். அவரிடம் கற்கத் தொடங்கி, மூன்றே நாளில் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணிடம் மாறிக்கொண்டேன். ஐந்து ஆண்டாகியும் அந்த வருத்தம் அவருக்குப் போகவில்லை. நான் ஐந்து ரோடு சந்திப்பில் திரும்பிய விதம் சரியில்லை என்று நேற்று பின்னால் உட்கார்ந்தபடி சொன்னார். இறங்கி டவுன் பஸ்ஸில் வரச் சொன்னேன். வந்தார்.

இப்போது மாடியில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கிறார். இறங்கி வந்தால் இதைப் படித்துவிட்டுத் திருத்தம் சொல்வார். அதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ஸ்கூட்டரில்.