மாற்றி மாற்றிப் போட்டும் கூவும் பேரிங்

கேள்வி: எங்கள் வட்ட ரம்ப மெஷினில் ஷாஃப்ட் பேரிங், 6308 நம்பர், ஒரே வருஷத்தில் மூன்று முறை போய்விட்டது. புதிது போட்ட இரண்டாம் மாதமே கூவுகிறது. மட்டமான பேரிங்காக இருக்குமோ?

பதில்: இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால், கழற்றிய பழைய பேரிங்கைத் தேடி எடுங்கள். காரணம் அதிலேயே எழுதியிருக்கும்.

முதலில் உள் ரேஸின், அதாவது பேரிங்கின் உள் வளையத்தின், துளையைப் பாருங்கள். அது கண்ணாடி மாதிரி மின்னினாலோ செம்பழுப்புத் தூள் ஒட்டியிருந்தாலோ, ரேஸ் ஷாஃப்ட் மேல் வழுக்கிச் சுற்றியிருக்கிறது. தேய்ந்திருப்பது ஷாஃப்ட்தான். 6308-ன் துளை 40 மி.மீ. மைக்ரோமீட்டரில் ஷாஃப்ட் 40-ஐ விட ஒரு இம்மி கூடுதலாகக் காட்ட வேண்டும். 39.97 என்றால் எவ்வளவு நல்ல பேரிங்கும் நிற்காது. சென்டர் பஞ்சால் (கூர்முனைக் குத்தூசி) ஷாஃப்டைச் சுற்றிலும் குத்தி இறுக்கித் தருகிறேன் என்பார்கள், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். அந்தப் புள்ளி முனைகள் சில நாளில் அமுங்கிவிடும். உலோகம் ஏற்றி, கிரைண்டிங்கில் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

ஷாஃப்ட் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் சுத்தியல் மேல். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பேரிங்கை வெளி ரேஸில் அடித்து ஷாஃப்டில் ஏற்றினேன். சீக்கிரமே கூவியது. என் மேஸ்திரி அதைக் கிரைண்டரில் அறுத்துப் பிரித்து, குண்டு ஓடும் தடத்தில் என் நகத்தை வைத்து இழுக்கச் சொன்னார். டக், டக் என்று தட்டியது. குண்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பள்ளம், ஒரே இடைவெளியில். நான் அடித்த அடியெல்லாம் குண்டு வழியாக இறங்கியிருக்கிறது. இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

ஷாஃப்டில் ஏற்றும்போது உள் ரேஸை மட்டும் அழுத்துங்கள். ஹீட்டரில் 100 டிகிரிக்குச் சூடாக்கினால் அடியே தேவைப்படாது, வழுக்கிக்கொண்டு ஏறும். சீல் வைத்தது என்றால் 80 போதும். நேரடித் தீ மட்டும் கூடவே கூடாது.

அப்புறம், இரண்டு முனையிலும் மூடி பேரிங்கை நெருக்கிப் பிடிக்கிறதா? 600 மி.மீ. ஷாஃப்ட் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.3 மி.மீ. நீளும். அது நகர இடமில்லாவிட்டால் பேரிங்கைத்தான் தள்ளும். ஒரு முனை பிடித்திருக்கட்டும், இன்னொன்று ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூடு) நகரட்டும்.

மைக்ரோமீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள்.