டாக்டரால் காப்பாற்ற முடியாமல் போகும் கதைகள்

‘டாக்டர் ஹூ’ தொடரில் சிறந்த எபிசோடு எது, புதிதாகப் பார்ப்பவர் எங்கே தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போடுகிற ரசிகர்கள் ‘பிளிங்க்’கைத்தான் முதலில் எழுதுவார்கள். என் பதில் ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’.

தொடரையே பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர் இது. டாக்டர் வேற்றுக் கிரகத்தவர். நீல நிறப் போலீஸ் பெட்டி மாதிரி இருக்கும் டார்டிஸில் ஏறி எந்தக் காலத்துக்கும் எந்த ஊருக்கும் போவார். சாகும் நிலை வந்தால் உடம்பே மாறி வேறு ஆளாக எழுந்துவிடுவார், அதனால் நடிகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1989-ல் நின்றுபோய், 2005-ல் மறுபடி உயிர் பெற்றது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் நம் லக்னோவில் பிறந்தவர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ 2018-ல் வந்தது. எழுதியவர் வினய் படேல். டாக்டரோடு பயணம் செய்யும் யாஸ் என்ற பெண், தன் பாட்டி உம்ப்ரீனின் இளமைக் காலத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள். போய் இறங்கும் இடம் 1947 ஆகஸ்ட், பஞ்சாப், எல்லைக்கோடு எது என்று வெளியான சமயம். முஸ்லிம் பெண்ணான உம்ப்ரீனுக்கு அன்று கல்யாணம். மாப்பிள்ளை பிரேம் என்ற இந்து, போருக்குப் போய்த் திரும்பிய சிப்பாய். அவன் தன் தாத்தா இல்லை என்று யாஸுக்குத் தெரியும். அதாவது அவன் பிழைத்தால் யாஸ் பிறக்கவே மாட்டாள். டாக்டர் கை கட்டி நிற்க வேண்டிய கதை. வேற்றுக் கிரகத்து ஆட்கள் இருவர் வருகிறார்கள், பார்க்கக் கொலைகாரர்கள் போல. ஆனால் அவர்கள் வந்திருப்பது, யாருமில்லாமல் சாகிறவர்கள் பக்கத்தில் சாட்சியாக நிற்பதற்கு. கொல்வது மனிதர்கள். அதில் ஒருவன் பிரேமின் சொந்தத் தம்பி.

இது என்னை இவ்வளவு ஆட்டியதற்கு ஊரும் ஒரு காரணம். நாங்கள் இருப்பது நகரியில். வீட்டில் தமிழ், கடைவீதியில் தெலுங்கு. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் இந்தப் பக்கம் வந்தது. ம.பொ.சி. போன்றவர்கள் போராடியதில், எல்லைத் தகராறில் மத்தியஸ்தராக இருந்த படாஸ்கரின் முடிவின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி மதராஸ் மாநிலத்தில் சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. என் ஆயா திருத்தணிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே மாவட்டம். அப்புறம் தாய்வீடு வேறு மாநிலமாகிவிட்டது. பஞ்சாபில் ஓடிய ரத்தத்தோடு இதை ஒப்பிடவே கூடாது, எங்களுக்குப் பஸ் ஏறினால் போய் வரலாம். இருந்தாலும், யாரோ எங்கோ உட்கார்ந்து இழுக்கும் கோடு ஒரு குடும்பத்தின் நடுவீட்டில் வந்து விழும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த எபிசோடை ஆயாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். பக்கத்து ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்ததால் வசனம் ஒன்றும் காதில் விழாது. சப்டைட்டிலைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். கல்யாணத்தில் பிரேமின் கைக்கடிகாரம் விழுந்து உடைகிறது. அதே உடைந்த கடிகாரத்தைத்தான் கிழவியான உம்ப்ரீன் எபிசோடின் தொடக்கத்தில் பேத்திக்குக் கொடுக்கிறாள், ரிப்பேர் செய்யவே கூடாது என்று சொல்லி. ஆயா என்னை நிறுத்தச் சொல்லி, “அந்தப் பொண்ணு அப்புறம் வேற கல்யாணம் கட்டிக்கிச்சில்ல? அப்பவும் அத வெச்சிருந்துச்சா?” என்று கேட்டார். ஆமாம் ஆயா என்றேன். “வெச்சிருக்கத்தான் செய்யும்” என்றார். நான் படித்த எந்த விமர்சனமும் அந்தப் பாத்திரத்தை இவ்வளவு சரியாகப் பிடித்ததில்லை.

எனக்குப் பிடித்த மற்ற எபிசோடுகளிலும் டாக்டரின் சாமர்த்தியம் எங்கேயோ தடுக்கி நிற்கும். ‘மிட்நைட்’ (2008) அப்படித்தான். சுற்றுலா வண்டிக்குள் மாட்டிக்கொண்ட சில பயணிகள். வெளியே ஏதோ தட்டுகிறது, உள்ளே ஒரு பெண்ணுக்குள் புகுந்து எல்லோரும் பேசுவதைத் திருப்பிச் சொல்கிறது. அது என்ன என்று கடைசிவரை சொல்லவே மாட்டார்கள். பயத்தில் பயணிகள் டாக்டரையே வெளியே தள்ளப் பார்க்கிறார்கள். உயிரைக் கொடுத்து எல்லோரையும் காப்பாற்றும் பணிப்பெண்ணின் பெயர்கூட அங்கே யாருக்கும் தெரியாது. 2025-ல் ‘தி வெல்’ எபிசோடில் அதே கிரகத்துக்குத் திரும்பப் போனார்கள். நன்றாகவே எடுத்திருந்தார்கள், ஆனால் ‘மிட்நைட்’டைத் தனியாக விட்டிருக்கலாம் என்பது என் கட்சி.

‘ஹெவன் சென்ட்’ (2015) கிட்டத்தட்ட முழுக்க, அப்போது டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி ஒருவர் மட்டுமே. வைரத்தைவிட 400 மடங்கு கெட்டியான சுவரை வெறும் கையால் குத்துகிறார், செத்து மறுபடி வந்து குத்துகிறார், கோடிக்கணக்கான வருஷம். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நாம் சொல்வதை ஐம்பது சொச்ச நிமிடத்தில் எடுத்துக்காட்டிவிட்டார்கள். ‘வின்சென்ட் அண்ட் தி டாக்டர்’ (2010) எல்லோரையும் அழவைக்கும். அதில் வரும் கண்ணுக்குத் தெரியாத மிருகம் தேவையே இல்லை. வான்கோவைப் பாரிஸ் மியூசியத்துக்குக் கூட்டிப்போய் அவர் படங்களுக்கு முன்னால் நிறுத்தும் இடம் போதும். அவ்வளவு செய்தும் அவர் முடிவு மாறுவதில்லை.

பிரபஞ்சமே அழியப்போகிறது என்று முடியும் சீசன் கடைசி எபிசோடுகள் என்னைப் பெரிதாகத் தொடுவதில்லை. எல்லாம் அழியும் என்றால் எதுவும் அழியாது என்று பார்ப்பவருக்குத் தெரியும். ‘ஜர்னிஸ் எண்ட்’டில் பூமியையே கட்டி இழுத்து வருவார்கள். எனக்கு அதில் மனதில் நிற்பது, டாக்டரோடு பயணம் செய்த டோனா எல்லாவற்றையும் மறந்துபோவது மட்டும்தான்.

தொடங்குவதற்கு ‘பிளிங்க்’ வேண்டாம். அது அருமையான கதை, ஆனால் டாக்டர் அதில் கொஞ்ச நேரமே வருவார். அதைப் பார்த்து வந்தவர்கள் அடுத்த எபிசோடில் ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். 2010-ன் ‘தி இலவந்த் அவர்’ பாருங்கள், புது டாக்டர், புது ஆட்கள், முன்கதை தெரியாவிட்டாலும் புரியும். பிறகு ‘வின்சென்ட்’, ‘மிட்நைட்’, ‘டீமன்ஸ் ஆஃப் தி பஞ்சாப்’ என்று போகலாம். ‘ஹெவன் சென்ட்’டை மட்டும் அவசரப்பட்டுத் தனியாக எடுத்துப் பார்க்காதீர்கள். டாக்டரோடு பயணம் செய்யும் கிளாரா வரும் எபிசோடுகளைப் பார்த்து அவளோடு பழகிவிட்டு, அதற்கு முந்தைய ‘ஃபேஸ் தி ரேவன்’ முடித்த கையோடு பாருங்கள்.