வலி மூக்கில், முடிச்சு புருவத்தடியில்

கேள்வி: பாலக்கோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். வயது 43. முகூர்த்த மாதம் வந்தால் ராத்திரி வரை ஹெம்மிங், ஹூக் வேலைதான். சித்திரையிலிருந்து வலது மூக்கோரம் குத்துகிறது. சளி இல்லை. சைனஸ் மாத்திரை போட்டும் கேட்கவில்லை. கறுப்பு ஜாக்கெட்டுக்கு நூல் கோர்க்கும் அன்று வலி அதிகம். அளவு நோட்டைப் பார்த்தால் எழுத்து துள்ளுகிறது. இது என்ன டாக்டர்?

பதில்: சளியே இல்லாதபோது சைனஸ் மாத்திரை எதற்கு? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கியிருப்பீர்கள். அதை முதலில் நிறுத்துங்கள்.

கறுப்பு ஜாக்கெட் என்றீர்களே, அங்கேதான் விஷயம். கண்ணைச் சுற்றி வட்டமாக ஓடும் தசைதான் இமையை மூடுகிறது, கண்ணை இடுக்குகிறது. மணிக்கணக்கில் இடுக்கினால் புருவத்துக்குக் கீழே அதில் இறுகிய முடிச்சு விழலாம். டிரிகர் பாயிண்ட் என்போம். வலியோ மூக்கில் தெரியும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு மருத்துவராக இருந்த ஜேனட் டிராவல் இதை எழுதியிருக்கிறார், எழுத்து துள்ளுவதையும்தான். டிரிகர் பாயிண்டை ஒத்துக்கொள்ளாத டாக்டர்களும் உண்டு, அது தனிக்கதை. என்னிடம் வருபவர்களில் சாயங்கால வெயிலுக்கு எதிரே பென்னாகரம் பக்கம் பைக் ஓட்டுகிறவர்களும் இதே இடத்தைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள்.

கண்ணாடி முன் நின்று, கண்ணை மூடி, புருவத்தடியில் உள்ள எலும்பு விளிம்பின் மேல் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே நகருங்கள். நூல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டு, வலி மூக்குக்கு ஓடினால் அதுதான். பத்து எண்ணும்வரை லேசாக அழுத்தி விடுங்கள், காலையும் மாலையும். விரல் விழிமேல் படவே கூடாது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் வைத்தால் இதமாக இருக்கும்.

ஆனால் இடுக்குவதை நிறுத்தாமல் அழுத்திப் பயன் இல்லை. 43 வயதில் வெள்ளெழுத்து வந்திருக்கும். கடைத்தெருவில் தொங்கும் ரெடிமேட் கண்ணாடி வேண்டாம், அதில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் இடப்புறம் ஒரு விளக்கு போடுங்கள். கழுத்தையும் கவனியுங்கள்: காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்கும் தசை இறுகினாலும் கண்ணைச் சுற்றி வலிக்கும். அடிக்கடி நிமிர்ந்து உட்காருங்கள்.

கண் சிவந்து வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிந்தாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, இமை திடீரென்று தொங்கினாலோ அழுத்திப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.