1902: நிலவுப் பயணமும் வெற்றி ஊர்வலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அறிவியல் புனைவு பற்றிய உங்கள் உரையில் 1902-ஆம் ஆண்டை ஒரு தொடக்கம் என்றீர்கள். அவ்வாண்டில் வெளிவந்த, பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேவின் ‘நிலவுக்கு ஒரு பயணம்’ படத்தைப் பார்த்தேன். ஜூல் வெர்னின் நாவலைக் குழந்தைகளுக்கான மாயவித்தையாகச் சுருக்கியிருப்பதாகவே தோன்றியது. சிந்தனை என்று அதில் என்ன இருக்கிறது?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

மெலியே மேடை மாயவித்தையிலிருந்து திரைக்கு வந்தவர். வித்தை அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வெர்னின் சுருக்கம் அல்ல. வெர்னின் 1865-ஆம் ஆண்டு நாவலிலும் அதன் தொடர்ச்சியிலும், பீரங்கியால் ஏவப்படும் மூவர் நிலவைச் சுற்றிவந்து கடலில் விழுகிறார்களே தவிர, ஒருவரும் அங்கே கால்வைப்பதில்லை. நிலவில் இறங்கி, தரைக்கடியில் வாழும் பூச்சியுருவ மக்களை மனிதர்கள் சந்திப்பது எச்.ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட நாவலில். அடுத்த ஆண்டே வந்த மெலியேவின் படத்தில் அந்தப் பீரங்கியும் இந்தச் சந்திப்பும் ஒன்றுசேர்கின்றன.

வெல்ஸின் நாவலில் என்னை இன்றும் கலங்கவைப்பது, கேவர் என்ற அறிஞர் நிலவின் பேரரசரிடம் பூமியில் நடக்கும் போர்களைப் பற்றிக் கள்ளமின்றி விவரிக்கும் இடம். அதன்பின் விரைவிலேயே அவர் பூமிக்கு அனுப்பும் செய்திகள் நின்றுபோகின்றன. மெலியேவிடம் இந்த உரையாடலுக்கே இடமில்லை. குடையால் ஓர் அடி அடித்ததும் நிலவு மக்கள் புகையாகச் சிதறுகிறார்கள், அவர்களுடைய அரசனைத் தூக்கித் தரையில் அறைகிறார் பயணக்குழுவின் தலைவர், பின்பு ஊர் திரும்பியதும், கலத்தைப் பற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்ட ஒரு நிலவுவாசியை ஊர்வலத்தில் இழுத்துவந்து ஆடவைக்கிறார்கள். தலைவருக்குச் சிலையும் எழுகிறது. பூலான்ஜே என்ற பிரெஞ்சுப் படைத்தளபதியின் அரசியலை எதிர்த்து 1889-இல் கேலிச்சித்திரங்கள் வரைந்தவர், செய்யாத தேசத்துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்ட யூதப் படை அதிகாரி டிரைஃபஸின் வழக்கை 1899-இல் பதினொரு பகுதிகளாகப் படமாக்கியவர் மெலியே. அவர் அந்தச் சிலையை வெறும் வேடிக்கைக்காக அங்கே நிறுத்தினார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நெடுங்காலம் புழங்கிய பல பிரதிகளில் இந்த ஊர்வலம் கிடையாது. நீங்கள் பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடும். 1993-இல் பார்சிலோனாவில் கிடைத்து, 2011-இல் சீரமைக்கப்பட்டு வெளிவந்த, கையால் வண்ணம் தீட்டிய பிரதியைத் தேடிப் பாருங்கள். வேற்றுலகுக்குச் செல்லும் மனிதன் அங்கிருப்பவர்களிடம் எப்படி நடந்துகொள்வான் என்ற வெல்ஸின் கேள்வி, நூல் வந்த மறு ஆண்டே திரைக்கும் வந்துவிட்டது. அதைத்தான் தொடக்கம் என்றேன்.