அப்பாவுக்கு ஸ்மார்ட்வாட்ச் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. மளிகைக் கடையில் காலையிலிருந்து இரவு வரை உட்கார்ந்தே வேலை. இதுவரை மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. ஆனால் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்ததால் பயமாக இருக்கிறது. பிரஷர், சுகர், இசிஜி எல்லாம் பார்க்கும் என்று ஒரு ஸ்மார்ட்வாட்ச் விளம்பரம் பார்த்தேன். வாங்கித் தரலாமா?

பதில்: சுகர் காட்டும் என்றால் அந்த வாட்சைத் தொடவே வேண்டாம். ஊசி குத்தாமல் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்பாவுக்குத் தேவை லேபில் ஒரு ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாத சர்க்கரைச் சராசரி) பரிசோதனை. 5.7 முதல் 6.4 சதவீதம் வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறார் என்று பொருள். நடை, சாப்பாடு இரண்டையும் திருத்த அதுதான் நல்ல நேரம்.

பக்கவாதக் கவலைக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரஷர். அதற்கு வாட்ச் வேண்டாம், மேல்கையில் பட்டை சுற்றும் டிஜிட்டல் கருவி வாங்குங்கள். பட்டையின் அளவைக் கேட்டு வாங்குங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

அளக்கும் விதத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கடையிலிருந்து வந்ததும், சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, வியாபாரம் பேசிக்கொண்டே பார்த்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. காபி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் படும்படி 5 நிமிடம் சும்மா உட்காரட்டும். கையை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் வைத்து, 1 நிமிட இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். காலையும் மாலையும் இப்படி 7 நாள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். கருவியோடு வரும் செயலியே குறித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கடைக் கணக்கு நோட்டு போதும்.

சராசரி 135/85-ஐ எட்டினால் அந்தக் குறிப்போடு டாக்டரைப் பாருங்கள். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஏறும் பிரஷரும் உண்டு, கிளினிக்கில் நல்ல பிள்ளையாக இருந்து வீட்டில் ஏறுவதும் உண்டு. டாக்டர்களான எங்களுக்குக் கிளினிக்கில் பார்க்கும் ஒற்றை அளவைவிட இந்த ஒரு வாரக் கணக்கு அதிகம் சொல்லும். அளவு இயல்பாக இருந்தால் தினமும் பார்த்துப் பதற வேண்டாம்.

அப்புறம் வாட்ச். காலடி எண்ணுவதற்கு, கல்லாவிலிருந்து அவ்வப்போது எழுந்து நடக்க நினைவூட்டுவதற்கு உதவும். சில வாட்சுகள் ஒழுங்கற்ற நாடித்துடிப்பையும் கண்டுபிடிக்கும். பக்கவாதத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்பதால் எச்சரிக்கை வந்தால் முறையான இசிஜி எடுத்து உறுதி செய்யுங்கள். ஆனால் மாரடைப்பை வாட்ச் கண்டுபிடிக்காது. நெஞ்சு வலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலவீனம் என்றால் வாட்சையோ பிரஷர் கருவியையோ தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

செலவு யோசனை இருந்தால் முதல் அளவைக் காசில்லாமலே பார்க்கலாம். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.